கும்பகோணம் சனிக்கிழமை மேக்பெத் கிளாஸ்: ஒரு பேட்ச் முழுசா உக்காந்துட்டு எழுதற ரிவ்யூ

கும்பகோணம் பக்கம் இங்கிலீஷ் லிட்ரேச்சருக்கு நல்ல கிளாஸ் ஏதாச்சும் இருக்கான்னு பிஏ படிக்கற பசங்களும் பிஜி டிஆர்பிக்கு (அரசு ஸ்கூல் டீச்சர் வேலைக்கான பரீட்சை) தயார் பண்றவங்களும் கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதனால நான் போயிட்டிருந்த சனிக்கிழமை கிளாஸ் பத்தி கொஞ்சம் விவரமாவே எழுதறேன். மகாமகக் குளத்துலேர்ந்து நடந்தே போயிடலாம், ஒரு வீட்டு மாடி, ரிட்டயர்டான ப்ரொபசர் ஒருத்தர் நடத்தறார், பேர் போட வேண்டாம்னு சொல்லிட்டார், வாசல்ல போர்டும் கிடையாது, படிச்சுட்டுப் போனவங்க சொல்லித்தான் அடுத்தவங்க வர்றாங்க. மாசம் 500 ரூபாய், மதியம் ரெண்டரைக்கு ஆரம்பிக்கும். ஒரு பேட்ச்சுக்கு ஒரே நாடகம், எங்களுக்கு ஷேக்ஸ்பியரோட மேக்பெத், சூனியக்காரிங்க சொன்ன குறிய கேட்டு தன் ராஜா டங்கனயே கொன்னு பட்டத்துக்கு வர்ற ஒரு ஸ்காட்லாந்து தளபதியோட கதை.

முதல்லயே என் முடிவ சொல்லிடறேன். மேக்பெத்துல என்னென்ன லிட்ரரி டிவைஸ் (எழுதறவர் கையாளற சொல் உத்தி) இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு எக்ஸாம்பிள் குடுங்கன்னு கேக்கறவங்களுக்கு இந்த கிளாஸ் சரிப்படாது, அதுக்கு கடைல கைடு கிடைக்குது. அந்த கைடுங்கள நானும் வாங்கி வச்சிருக்கேன், உருவகம் ஒரு பாராவுல இருக்கும், ஐரனி ஒரு பாராவுல இருக்கும், சூனியக்காரிங்க சொல்ற குறி தனியா "சூப்பர்நேச்சுரல் எலிமென்ட்"னு வேற ஒரு சேப்டர்ல இருக்கும். இந்த மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டவே ஒட்டாது. சார் பண்ற ஒரே காரியம் அந்த சேப்டர்கள ஒண்ணா இழுத்துக் கட்டறதுதான். குறின்னு ஒண்ணு தனியா கிடையாதும்மா, அது சொல்லால செஞ்சது, எந்த டிவைஸ் வச்சு செஞ்சிருக்கான்னு பாரு, கதை தானா தெரியும்னு சொல்வார். எனக்கு அந்த ஒரு விஷயத்துக்கே குடுத்த காசு சரியாப்போச்சு.

முதல் அங்கம் மூணாவது காட்சிய எப்படி நடத்தினார்னு சொன்னா புரியும். மூணு சூனியக்காரிங்களும் மேக்பெத்த மூணு விதமா வாழ்த்தறாங்க, கிளாமிஸ் பிரபு வாழ்க, காடர் பிரபு வாழ்க, பின்னாடி ராஜா ஆகப்போறவன் வாழ்க. நம்ம எல்லாரும் இத மூணு ஆரூடம்னு எழுதி மார்க் வாங்கிட்டு வந்துடறோம். சார் போர்டுல மூணையும் எழுதிட்டு ஒண்ணொண்ணா அடிச்சார். கிளாமிஸ் பட்டம் அவங்கப்பா சைனல் செத்ததுமே இவனுக்கு வந்துடுச்சு, அது அவனுக்கே தெரியும், அப்ப அது குறி இல்ல. காடர் பட்டத்த அதுக்கு முந்தின காட்சியிலயே டங்கன் ராஜா இவனுக்குன்னு சொல்லிட்டார், நாடகம் பாக்கற நமக்கு அது தெரியும், மேக்பெத்துக்கு மட்டும்தான் தெரியாது, அப்ப நமக்கு அதுவும் குறி இல்ல. மிச்சம் ஒண்ணே ஒண்ணு, ராஜா ஆவேங்கறது. அதுல எப்போ, எப்படின்னு எதுவும் கிடையாது, கொல்லுன்னு ஒரு வார்த்தை கூட அந்தக் கிழவிங்க வாயிலேர்ந்து வரல. கொலைங்கற நெனப்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடினா, அடுத்த சில வரிகள்லயே மேக்பெத் தனக்குள்ள பேசிக்கறான் பாருங்க, அங்கதான் முதல்முறையா வருது. குறியில காலியா விட்ட எடத்த கேக்கறவன் தான் நெரப்பினான்.

இந்த எடத்துல சார் வைத்தீஸ்வரன் கோயில் நாடி ஜோதிடத்த பத்தி கேட்டார், எங்க பேட்ச்ல சீர்காழிப் பொண்ணு ஒண்ணு இருந்துச்சு, அது குடும்பத்தோட போயிட்டு வந்திருக்கு. கட்டவிரல் ரேகை வாங்கிக்கிட்டு ஓலைக்கட்ட எடுத்து ஒவ்வொரு ஓலையா படிச்சு, ஆமாவா இல்லையான்னு கேட்டுக் கேட்டுத்தான் நம்ம ஓலை எதுன்னு முடிவு பண்ணுவாங்கன்னு அது சொல்லிச்சு. சார் அத நம்பறவங்கள ஒரு வார்த்தை குறைச்சுப் பேசல, உள்ள போறப்போ நம்ம மனசுல ஏற்கெனவே ஒரு கேள்வி இருக்கும்ல, அந்தக் கேள்வியோடதான் பதில கேப்போம்னு மட்டும் சொன்னார். பாங்கோங்கற சக தளபதியும் மேக்பெத்தும் ஒரே எடத்துல நின்னு ஒரே கிழவிங்க பேச்சத்தான் கேட்டாங்க, ஒருத்தன் ராத்திரி தூக்கம் கெட்டு ஒதுங்கிப் போறான், இன்னொருத்தன் கத்திய எடுக்கறான். இருளோட ஏவலாளுங்க சின்னச் சின்ன விஷயத்துல உண்மைய சொல்லி நம்ப வச்சு பெரிய விஷயத்துல கவுத்துடும்னு பாங்கோ அப்பவே எச்சரிக்கறான், அந்த வரிய எல்லாரும் அடிக்கோடு போட்டு வச்சுக்கங்க, ஞாபகமா கேப்பாங்க.

அப்புறம் குறிய பத்தி மேக்பெத் எழுதி, அவன் பொண்டாட்டி லேடி மேக்பெத் படிக்கற லெட்டர். கிளாமிஸ் நீ, காடர் நீ, உனக்கு சொன்னது எதுவோ அதுவும் ஆவேங்கறா, அந்த எடத்துல ராஜாங்கற வார்த்தைய அவ சொல்லவே இல்ல. டங்கன் வர்றார்னு சேதி வந்ததும் வர்றவர நல்லா கவனிச்சாகணும்ங்கறா. ஒரு வீட்டுப் பொம்பளை விருந்தாளிக்கு சொல்ற சாதாரண வார்த்தை அது, ஆனா அதுக்குள்ள கொலை உக்காந்திருக்கு. மேக்பெத்தும் அப்படித்தான், கொலைய நேரா பேர் சொல்ல வாய் வராம "அது", "அந்தக் காரியம்"னே சுத்திச் சுத்திப் போறான். சூனியக்காரிங்க பேச்சுல இருந்த அதே ரெட்டை அர்த்தம் இப்ப புருஷன் பொண்டாட்டி பேச்சுக்குள்ள வந்துடுச்சுன்னு சார் காட்டினப்போ எனக்கு நிஜமாவே மேலெல்லாம் சிலிர்த்துச்சு. யூஃபமிசம்னு (கெட்டத நாசூக்கா மறைச்சுச் சொல்றது) எழுதி ரெண்டு மார்க் வாங்கற விஷயம் இவ்ளோ பயங்கரமா இருக்கும்னு யாரும் எனக்கு சொல்லித் தந்ததில்ல.

மீட்டர், அதாவது செய்யுள் வரியோட தாளக்கட்டு, நடத்தினது தனி அனுபவம். இந்த சப்ஜெக்ட்ல எல்லாரும் பயப்படற எடம் இதுதான், அயாம்பிக் பென்டாமீட்டர், ட்ரோக்கேயிக் டெட்ராமீட்டர்னு பேரப் பாத்தாலே பாதி பேர் சாய்ஸ்ல விட்டுடுவாங்க. சார் டெஃபனிஷன் சொல்லவே இல்ல, மேஜைல தட்டச் சொன்னார். ராஜா, பிரபுங்க பேசறது ஒரு வரிக்கு அஞ்சு அடி, லேசா தொடங்கி அழுத்தமா விழும். சூனியக்காரிங்க பேசறது நாலு அடி, எடுத்த எடுப்புலயே அழுத்தம், "டபுள் டபுள் டாயில் அண்ட் ட்ரபுள்". திருவையாறு பையன் ஒருத்தன் தாளம் போட்டே பழக்கப்பட்டவன், அவன் தட்ட ஆரம்பிச்சதும் ரூம் முழுக்க தட்டினோம், ரெண்டும் வேற வேற உலகத்துப் பேச்சுன்னு காது சொல்லிடுச்சு. முதல் காட்சியில அவங்க ஃபேர் இஸ் ஃபவுல், ஃபவுல் இஸ் ஃபேர்னு சொல்லிட்டு மறைஞ்சுடறாங்க, மேக்பெத் மேடைக்கு வந்து வாயத் தொறக்கற முதல் வரியே இப்படி ஃபவுலும் ஃபேருமான நாள நான் பாத்ததில்லங்கறது. அவன் இன்னும் அவங்கள சந்திக்கவே இல்ல, ஆனா அவங்க வார்த்தை அவன் வாயில இருக்கு.

டிராமாட்டிக் ஐரனிக்கு, அதாவது பாக்கற நமக்கு தெரிஞ்சது பாத்திரத்துக்கு தெரியாம இருக்கறதுக்கு, டங்கன எடுத்துக்கிட்டார், சுருக்கமா முடிச்சார், ஆனா நறுக்குன்னு இருந்துச்சு. பழைய காடர் பிரபு துரோகம் பண்ணி செத்த செய்தி வருது, மூஞ்சியப் பாத்து மனச கண்டுபிடிக்க வழி கிடையாது, அவன நான் முழுசா நம்பினேனேன்னு டங்கன் சொல்லி முடிக்கறார், அடுத்த நொடி உள்ள நுழையறது புது காடர் பிரபு. பாவம் அந்த மனுஷன், இன்வெர்னஸ் கோட்டைக்கு வந்து நின்னு காத்து எவ்ளோ சுகமா இருக்குன்னு வேற சொல்றார்.

டங்கன கொன்ன கையோட வர்ற வாயில்காப்போன் காட்சிய நிறைய காலேஜ்ல காமிக் ரிலீஃப்னு (நடுவுல சிரிக்க வைக்கற காட்சி) ஒரே வரியில தாண்டிடறாங்க. இங்க அதுக்கு நல்லா நேரம் எடுத்துக்கிட்டார். 1605 நவம்பர் 5ல இங்கிலாந்து பார்லிமென்ட்ட வெடி வச்சு தகர்க்கப் பாத்த சதி புடிபட்டுச்சு, அந்த வழக்குல ஹென்றி கார்னெட்டுன்னு ஒரு ஜெசூட் பாதிரியாரையும் விசாரிச்சு 1606 மே மாசம் தூக்குல போட்டாங்க. விசாரணையில பெருசா அடிபட்ட விஷயம் ஈக்விவொகேஷன், அதாவது பொய்யும் சொல்லாம, உண்மையையும் முழுசா வெளிய விடாம, கேக்கறவர் வேற மாதிரி புரிஞ்சுக்கற மாதிரி பேசறது. மேக்பெத் எழுதினதும் 1606 வாக்குலதான்னு பொதுவா சொல்றாங்க. கதவு தட்டற சத்தம் கேட்டு வர்ற குடிகார காவல்காரன் நரகத்துக்கு வாயில்காக்கற மாதிரி பாவன பண்ணி, வாப்பா ஈக்விவொகேட்டர், பூமியில ரெண்டு பக்கமும் சத்தியம் பண்ணின, சொர்க்கத்துல அது பலிக்கலியான்னு ஒருத்தன வரவேற்கறான். அவன் கூப்பிடற இன்னொரு ஆள் விவசாயி, ஃபார்மர்ங்கறது கார்னெட் வச்சிருந்த மாற்றுப்பேர்கள்ல ஒண்ணு. அன்னிக்கு பாத்தவங்களுக்கு இது எல்லாம் சுருக்குன்னு பட்டிருக்கும். அதே ஈக்விவொகேஷன்ங்கற வார்த்தை அஞ்சாவது அங்கத்துல மேக்பெத் வாயிலயே திரும்ப வருது, காடு நகர்ந்து வருதுன்னு (அந்தக் குறிய அடுத்து சொல்றேன்) ஆள் வந்து சொன்னதும், உண்மை மாதிரியே பொய் சொல்ற பிசாசோட பேச்சு மேல இப்பதான் எனக்கு சந்தேகம் வருதுங்கறான். காவல்காரன் சும்மா சிரிக்க வைக்க வரல, மேக்பெத்துக்கு வரப்போறத முன்னாடியே சொல்லிட்டுப் போறான்.

ஆனா இந்த கிளாஸோட உச்சம்னா நாலாவது அங்கம் முதல் காட்சிதான், அதுக்கு மட்டும் ரெண்டு சனிக்கிழமை ஆச்சு, இன்னொண்ணு எடுத்திருந்தாலும் உக்காந்திருப்பேன். சூனியக்காரிங்க கொப்பரையிலேர்ந்து மூணு உருவம் வருது. முதல்ல தலைக்கவசம் போட்ட வெறும் தலை, மெக்டஃப்ங்கற பிரபு கிட்ட ஜாக்கிரதைங்குது. ரெண்டாவது ரத்தம் தோஞ்ச குழந்தை, பொம்பளைக்குப் பொறந்த எவனாலயும் உனக்கு தீங்கு வராதுங்குது. மூணாவது கிரீடம் வச்ச குழந்தை, கையில ஒரு மரம், பர்னம் காடு டன்சினேன் குன்றுக்கு நடந்து வர்ற வரைக்கும் உனக்குத் தோல்வி இல்லங்குது. நாம வழக்கமா இந்த வசனங்கள மனப்பாடம் பண்ணிட்டு உருவங்கள விட்டுடறோம். சார் வசனத்த கையால மறைச்சுட்டு படத்த மட்டும் பாருங்கன்னார். வெட்டுப்பட்ட தலை யாரோடது? கடைசியில மெக்டஃப் கொண்டு வர்ற மேக்பெத் தலை. ரத்தத்தோட இருக்கற குழந்தை யாரு? அம்மா வயித்தக் கிழிச்சு நேரத்துக்கு முன்னாடி எடுத்த மெக்டஃப். கிரீடத்தோட மரக்கிளை வச்சிருக்கறது? கிளைய வெட்டி ஆளுக்கொண்ணு மறைப்பா தூக்கிட்டு நடங்கன்னு படைக்கு சொல்லப்போற டங்கன் மகன் மால்கம். விடை மேடையிலயே, அவன் கண்ணுக்கு எதிர்லயே நிக்குது. வார்த்தை ஏமாத்துது, படம் உண்மைய சொல்லுது, அவன் காதால மட்டும் கேட்டுட்டு சந்தோஷமா போயிடறான். சிம்பலிசம்னு பரீட்சையில எழுதற விஷயம் இதுதான்யா, இது அலங்காரம் இல்ல, இதுதான் கதைன்னு சொல்லி சார் சாக்பீச கீழ வச்சப்போ யாருமே பேசல.

அடுத்த கிளாஸ்ல இரணியன் வந்தார். மெலட்டூர் நம்மளுக்கு பக்கம்தான், பாபநாசம் தாலுக்கா, நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி அங்க பாகவத மேளாங்கற நாட்டிய நாடகம் நடக்கும், மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி எழுதின பிரகலாத சரித்திரம் தெலுங்குல ராத்திரி முழுக்க ஆடுவாங்க, பெண் வேஷமும் ஆம்பளைங்கதான் கட்டுவாங்க, ஷேக்ஸ்பியர் காலத்து மேடையிலயும் லேடி மேக்பெத்தா நடிச்சது ஒரு பையன்தான். மனுஷனாலயும் மிருகத்தாலயும் சாகக்கூடாது, பகல்லயும் ராத்திரியிலயும் கூடாது, உள்ளயும் வெளியிலயும் கூடாதுன்னு இரணியன் வாங்கின வரமும், பொம்பளைக்குப் பொறந்தவனால முடியாதுங்கற குறியும் ஒரே மாதிரி கட்டுனது, ரெண்டும் சொல்லப்பட்ட வார்த்தைப்படி அப்படியே நடக்குது, வார்த்தைக்கு நடுவுல இருக்கற சந்து வழியாதான் சாவு வருது, அங்க அந்திப்பொழுது, வாசப்படி, இங்க கத்தி போட்டு எடுத்த குழந்தை. ஒரு வித்தியாசத்தயும் சொன்னார், இரணியன் தன் வரத்த தானே வாய்விட்டுக் கேட்டான், சந்து விட்டது அவன் வார்த்தையில, மேக்பெத்துக்கு அடுத்தவங்க வார்த்தை, சந்து விட்டது அவன் கேட்ட விதத்துல. நான் சின்ன வயசுலேர்ந்து கேட்டுப் பழகின கதைய வச்சு இந்த நாடகம் இவ்ளோ கிட்டத்துல வரும்னு எதிர்பாக்கல.

அன்னிக்குத்தான் எங்கள்ல ஒரு தம்பி கேட்டான், சார், ஆபரேஷன் பண்ணி எடுத்தா மட்டும் அம்மாவுக்குப் பொறக்கலன்னு ஆயிடுமா, இது அழுகுணி ஆட்டம் மாதிரி இல்லையான்னு. நியாயமான கேள்வி, இத படிக்கற எல்லாருக்கும் வரும். ஆமா தம்பி, அழுகுணி ஆட்டம்தான், மேக்பெத்தும் அதத்தான் சொல்றான், ரெட்டை அர்த்தத்துல பேசி நம்மள ஏச்சுப்புட்டுதுங்க, காதுக்கு குடுத்த வாக்க காப்பாத்திட்டு நம்பிக்கைய உடைச்சுட்டுதுங்கன்னு கத்தறான், நீ வாதத்துல ஜெயிச்சா மட்டும் அவன் பொழைச்சுக்குவானான்னு சார் கேட்டார். அப்புறம் அந்த காட்சிய நிதானமா படிக்கச் சொன்னார். மெக்டஃப் தன் பொறப்ப சொன்னதும் மேக்பெத்துக்கு முதல்ல போறது உயிரில்ல, தைரியம். உன்னோட சண்டை போட மாட்டேங்கறான். அவ்ளோ பெரிய வீரன், நாடகம் தொடங்கறப்போ எதிரிய தொப்புள்லேர்ந்து தாடை வரைக்கும் கிழிச்சவன்னு புகழ் வாங்கினவன். ஆனா அப்படியே முடியல, எல்லாக் குறியும் எதிரா திரும்பினதுக்கு அப்புறம், இனி எதையும் நம்ப முடியாதுன்னு தெரிஞ்சு, கடைசியா ஒரு தடவ பாத்துடறேன்னு கேடயத்த தூக்கறான் பாருங்க, அவன் மேல எனக்கு மரியாதை வர்ற ஒரே எடம் அது.

சிலப்பதிகாரத்த இழுத்தது தமிழ் எம்ஏ முடிச்சுட்டு ஆர்வத்துல வந்த ஒரு அக்கா. பூம்புகார்ல இந்திர விழா அன்னிக்கு கண்ணகிக்கு இடது கண்ணும் மாதவிக்கு வலது கண்ணும் துடிக்குதே, கேக்கறவங்களுக்கு சேதி போயிடுது, அவங்க ரெண்டு பேருக்கும் போகல, இதுவும் டிராமாட்டிக் ஐரனிதானேன்னாங்க. சார் அதவிட ஒண்ணு இருக்கும்மான்னு கனாத்திறம் உரைத்த காதைக்கு போனார். கெட்ட கனா கண்டு பயந்த கண்ணகி கிட்ட, காவிரி கடல்ல கலக்கற எடத்துல சோமகுண்டம் சூரியகுண்டம்னு ரெண்டு பொய்கை இருக்கு, அதுல குளிச்சு காமவேள் கோயில்ல கும்பிட்டா புருஷன் திரும்பிடுவான்னு தோழி தேவந்தி சொல்றா, கண்ணகி "பீடன்று"ன்னு, அது பெருமை இல்லன்னு, முடிச்சுடறா. வரப்போறத கனாவுல பாத்துட்டும் மாத்தறதுக்கு ஓடாதவ அவ. மேக்பெத்த முதல் தடவ சூனியக்காரிங்கதான் தேடி வந்தாங்க, ரெண்டாவது தடவ அவனே போறான், அதுவும் விடியக்காலையிலயே போறேன்னு பொண்டாட்டி கிட்ட சொல்லிட்டுப் போறான். பரீட்சையில கம்பேர் பண்ணச் சொன்னா நான் இதத்தான் எழுதுவேன்.

பாங்கோவுக்கு சொன்ன குறி நாடகத்துக்குள்ள நிறைவேறவே இல்லங்கறதயும் அங்கதான் கவனிச்சேன். உன் வம்சம் ராஜாவாகும்னு சொன்னாங்க, மகன் ஃப்ளியன்ஸ் தப்பிச்சு ஓடினவன் திரும்ப வர்றதே இல்ல. 1603ல இங்கிலாந்து பட்டத்துக்கு வந்த ஜேம்ஸ் ராஜா தன்ன பாங்கோ வழி வந்தவர்னு சொல்லிக்கிட்டவர், 1597லயே சூனியத்த பத்தி தனிப் புத்தகம் போட்டவர், அதனால மிச்சக் குறி மேடைக்கு வெளிய, சிம்மாசனத்துல நிறைவேறி உக்காந்திருக்கு. ஷேக்ஸ்பியர் கதை எடுத்த ஹோலின்ஷெட் வரலாத்துல பாங்கோவும் டங்கன் கொலைக்கு உடந்தை, நாடகத்துல அத எடுத்துட்டார், காரணம் நீங்களே யோசிச்சுக்கங்கன்னு சார் விட்டுட்டார்.

இனி குறைங்க. ரத்தம், தண்ணி, தூக்கம், உடுப்பு இதெல்லாம் நாடகம் முழுக்க ஓடற இமேஜரி (திரும்பத் திரும்ப வர்ற சொல்சித்திரம்), கை ரத்தத்த கழுவ சமுத்திரத்து தண்ணி மொத்தமும் பத்தாதுங்கறான் மேக்பெத், கொஞ்சம் தண்ணி போதும்ங்கறா லேடி மேக்பெத், கடைசியில அவதான் தூக்கத்துல கைய கழுவிக்கிட்டே இருக்கா, இத ஒரே கிளாஸ்ல ஓட்டிட்டார், எனக்கு போதவே இல்ல. மூணாவது அங்கமும் அவசரம்தான், மேக்பெத் ஆள் வச்சு கொன்ன பாங்கோ விருந்துல ஆவியா வர்ற காட்சிக்கு இன்னும் நேரம் குடுத்திருக்கணும். சூனியக்காரிங்களோட தலைவி ஹெக்கேட் வர்ற பகுதிய மிடில்டன்ங்கற இன்னொரு நாடக ஆசிரியர் சேத்திருக்கலாம்னு ஆய்வாளர்ங்க சொல்றாங்கன்னு ஒரு வரி சொல்லிட்டு தாண்டிட்டார். நோட்ஸ் குடுக்க மாட்டார், நீங்களே எழுதிக்கணும், இங்கிலீஷ் வரிங்கள வேகமா படிச்சுடுவார், முதல் ரெண்டு வாரம் பின்னாடி உக்காந்தவங்களுக்கு ஒண்ணும் புரியல. அஞ்சு மணிக்கு முடியும்னு சொன்னாலும் முதல்ல ஆறரை ஆயிட்டிருந்துச்சு, மயிலாடுதுறை பக்கமும் மன்னார்குடி பக்கமும் பஸ் புடிக்கற பொண்ணுங்க பாதியில எழுந்து போக வேண்டி வந்துச்சு, இத சார் கிட்ட நேராவே சொன்னோம், இப்ப பரவால்ல. மாடிப்படி செங்குத்து, முட்டி வலி இருக்கறவங்க யோசிச்சுக்கங்க.

டிஆர்பி அப்ஜெக்டிவ் கேள்விக்கு மட்டும் தயார் பண்றவங்களுக்கு இது மெதுவா போற மாதிரிதான் இருக்கும், அவங்க வேற கோச்சிங்கும் சேத்து வச்சுக்கறது நல்லது. பிஏ, எம்ஏ படிக்கறவங்க, ஸ்கூல்ல இங்கிலீஷ் எடுக்கற டீச்சருங்க, கட்டாயம் போங்க. லிட்ரேச்சர் படிக்காதவங்களும் வரலாம், எங்க பேட்ச்ல பாத்திரக்கடை வச்சிருக்கறவர் ஒருத்தர் கடைசி வரைக்கும் வந்தார், மெக்டஃப் குடும்பத்த கொன்ன சேதி வர்ற காட்சியில அவர்தான் எங்க எல்லாரையும் விட அதிகமா கலங்கினார். போறப்போ வரி எண் போட்ட புத்தகமா வாங்கிட்டுப் போங்க, சில மலிவுப் பதிப்புல அது இருக்காது, சார் எதையும் அங்கம் காட்சி வரின்னுதான் சொல்வார், தேடறதுக்குள்ள அடுத்ததுக்கு போயிடுவார். அடுத்த பேட்ச்சுக்கு சோஃபக்ளீஸ் எழுதின ஈடிபஸ்ங்கற கிரேக்க நாடகத்த எடுக்கப்போறாராம், நான் ஏற்கெனவே பேர் குடுத்துட்டேன்.